காலிக் கட்டம்

இல்லை, குழந்தை படுத்தியதால் அல்ல. குட்டி படு சமர்த்து; பால் குடித்தால் தூக்கம், தூக்கத்தில் ஒரு சிரிப்பு, பார்க்க இரண்டு கண் போதாது. குட்டியின் அம்மாவுக்குக் கணக்கில் ஆராய்ச்சி; அந்தக் கணக்குக்காரியின் முகம் வாடிக் கிடந்ததற்குக் காரணம் கல்லூரியிலிருந்து வந்த கடிதம்.

பிரசவத்துக்கு முன்பே அவள் தன் ஆராய்ச்சியை எழுதிக் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு நொடிக்கும் ஒரு கூட்டம் புள்ளிகள். நொடிக்கு ஒரு புள்ளி என்று பொறுக்கிக்கொண்டே போனால் அது ஒரு தேர்வு. கண்டபடி பொறுக்கக் கூடாது, அளந்து சொல்ல முடிகிறபடி, அளவுக்குள் அடங்க வேண்டும். அப்படிப்பட்ட தேர்வுகளை ஒன்று, இரண்டு என்று வரிசையாக அடுக்கி, எந்த நொடியிலும் எந்தப் புள்ளிக்கும் ஒட்டினாற்போல் ஏதாவது ஒரு தேர்வு போய் நிற்கும் என்று காட்ட வேண்டும். அதற்கு அவள் முதல் தேர்வை மட்டும் வட்டமில்லாமல் விட்டு, மற்ற ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு சின்ன வட்டம் வைத்து, வட்டத்துக்குள் இருக்கிற புள்ளியைப் பொறுக்கச் சொல்லியிருந்தாள்.

வட்டத்துக்குள் ஒரு புள்ளியும் இல்லாத நொடியில் எதைப் பொறுக்குவது என்று பேராசிரியர் கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் பட்டம் அடுத்த வருஷம்தான்.

மூன்று நாளாகப் பால் பாட்டில் கழுவும்போதும் முணுமுணுப்புதான். ஆறுதல் சொல்லப் போன மாப்பிள்ளை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போனார்.

புதன்கிழமை மாப்பிள்ளையின் தங்கை குட்டியைப் பார்க்க வந்தாள். ஃபிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. குட்டியை எந்த மணிக்கு யார் பார்ப்பது என்று கணக்குக்காரி கட்டம் போட்டது. முதல் வரிசையில் எல்லாக் கட்டத்திலும் கணக்குக்காரியின் அப்பா, வேலை ஓய்ந்து வீட்டோடு இருக்கிற மனிதர். இரண்டாவது வரிசை மாப்பிள்ளைக்கு. ஷிப்டு நேரத்துக் கட்டமெல்லாம் காலி.

"ஏன் அண்ணி, அண்ணன் வேலைக்குப் போற நேரம் ரெண்டாவது வரிசைல குட்டி காத்துலயா தொங்கும்?"

கணக்குக்காரி சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து, காலிக் கட்டங்களில் மேல்வரிசையில் இருந்த அப்பாவையே இறக்கி எழுதினாள். நாலாவது கட்டத்தில் கை நின்றுவிட்டது. வட்டத்துக்குள் ஒன்றும் அகப்படாத நொடியில் முதல் தேர்வு எடுத்ததையே எடுத்துக்கொண்டால் போதும். அந்த நொடிகளைத் தனியே பிரித்தாலும் அளவுக்குள் அடங்கத்தான் செய்யும். நாத்தனார் கையில் குட்டியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனவள், சாப்பிடக்கூட வெளியே வரவில்லை.

பதில் வியாழக்கிழமையே போய்விட்டது. இன்றைக்காவது முகம் தெளியும் என்று வீடே காத்திருந்தது. காலையில் குட்டியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள்:

"அது சரியா வந்துரும்ப்பா. ஆனா ரெண்டு வருஷமா அந்த எடம் என் கண்ணு முன்னாடியே காலியா கெடந்திருக்கு. இன்னும் எங்கெங்க விட்டு வெச்சிருக்கேனோ."