சுவரோரம் சாய்த்த சைக்கிள்கள்

என் தங்கை புருஷனுக்கு நான் ஐம்பத்து மூன்று நாள் கூலி பாக்கி வைத்திருந்தேன். வேறு யாருக்கும் நான் கடன்பட்டதில்லை. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். பஞ்சர் ஒட்டிய கையால் மூன்று சரக்கு வண்டி வாங்கினேன். நகரத்து வாடகை சைக்கிள்களை ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு மாற்றிப்போடும் ஒப்பந்தத்தைப் பட்டம் வாங்கியவர்களை முந்திக்கொண்டு பிடித்தேன். என்னையும் கடன்காரனாக்கினார் அந்த மனிதர்.

என்னிடம் அவரோடு வேலை செய்தவர்கள் அவரை 'நிதானம்' என்பார்கள். வீடு தீப்பிடித்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் ஓடுவார். ஆனால் எந்த ஸ்டாண்டு எப்போது நிரம்பும், எப்போது காலியாகும் என்பது அவருக்கு மனப்பாடம். காலையில் ஆபீஸ் தெரு நிரம்பும், ரயிலடி காலியாகும். நிரம்பிய இடத்தில் எடுத்துக் காலியான இடத்தில் பூட்ட வேண்டும். பூட்டினால் பச்சை விளக்கு எரியும். அந்தப் பச்சைக்குத்தான் கம்பெனி காசு.

தொற்று வந்ததும் ஆபீஸ் தெரு சைக்கிள்களின் மேல் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. இரண்டு வண்டியை நிறுத்தினேன். ஆஸ்பத்திரி வாசலில் மட்டும் எள் விழ இடமில்லை. பஸ் ஓடாததால் நர்சுகளும் துப்புரவுப் பெண்களும் எங்கள் சைக்கிளில்தான் வந்தார்கள். அங்கே ஸ்டாண்டில் இருபத்து நான்கு பூட்டுதான். காலை ஷிப்டுக்கு அறுபது பேர். பூட்ட இடம் கிடைக்காவிட்டால் வாடகை மீட்டர் நிற்காது. பன்னிரண்டு மணி நேரம் வார்டு கூட்டியவளின் கூலியில் பாதி சைக்கிளுக்கே போகும்.

நிதானம் எங்கள் சாவியால் பூட்டியவற்றைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார். காலியான பூட்டில் அடுத்தவர் பூட்டினார். ஷிப்ட் முடியும்போது ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினார். சுவரோரம் நின்றவற்றைக் கம்பெனியின் கம்ப்யூட்டர் காணாமல்போனதாக எழுதியது. அபராதம் என் தலையில்.

ஒரு காலை ஆறு மணிக்கே போய் நின்றேன்.

"மாப்ளே, என்ன கூத்து இது?"

"இடம் பண்றேன், மச்சான்."

"இடம் பண்றதுக்கு எவன் காசு குடுப்பான்?"

"நமக்கு விளக்கு எரியல, சரி. அந்தம்மாவுக்கு மீட்டர் ஓடுதே."

துடைப்பக்காரப் பெண் ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பெரியவரே, முகமூடிய தாடையில மாட்டியிருக்கீங்களே, சளி தாடைக்கா புடிக்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"எத்தனை சைக்கிளை வித்துத் தின்னீங்க? திருட்டுப் பய வேலை!" என்று அத்தனை பேர் நடுவில் கத்தினேன்.

அவர் அடுத்த சைக்கிளைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார். ஷிப்ட் முடியும்வரை இடம் பண்ணினார். மறுநாளும் வந்தார். அப்படி மொத்தம் ஐம்பத்து மூன்று நாள் வந்தார். கூலி முழுவதையும் அபராதத்தில் கழித்தேன். பிறகு என் வேலையை விட்டுவிட்டு மார்க்கெட்டில் மூட்டை தள்ளப் போனார்.

தங்கை போனில் ஒன்றுதான் சொன்னாள்: "அண்ணா, காசு கெடக்கட்டும். அந்தச் சொல்ல வாபஸ் வாங்கு." நான் வாங்கவில்லை. வளைந்து பழக்கமில்லாத முதுகு இது.

அடுத்த ஆண்டு கம்பெனி அதிகாரி கூப்பிட்டார். ஒரு சைக்கிள்கூடத் தொலையவில்லையாம். அபராதத்தைத் திருப்பித் தந்தார். ஊரிலுள்ள ஆறு ஆஸ்பத்திரியிலும் ஆள் வைத்து இடம் பண்ணப் போகிறார்களாம்.

"இது யாரோட யோசனை?"

"என்னோடதுதான் சார்." நாக்கு கூசவில்லை.

ஒப்பந்தம் எனக்கே வந்தது. நான் வைத்த ஆட்களோ, எதைக் கழற்றுவது, எப்போது மாட்டுவது என்று தெரியாமல் ஆறு வாசலிலும் சண்டை இழுத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் மார்க்கெட்டுக்குப் போனேன்.

"வேலைக்கு வாங்க மாப்ளே. இரட்டைக் கூலி."

"வரல மச்சான். பழைய கூலி மட்டும் போதும். ஆனா, திருடன்னு சொன்ன எடத்துல நின்னு, இல்லன்னு சொல்லிட்டுக் குடுங்க."

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்று உரக்கச் சொன்னேன்: "இவர் திருடல. யோசனையும் இவரோடதுதான்."

யாரும் திரும்பவில்லை. அன்று கேட்டவர்களில் ஒருவரும் அங்கே இல்லை. தற்காலிக ஆட்கள் என்று பழைய துப்புரவுப் பெண்களை வேலையை விட்டு அனுப்பிவிட்டிருந்தார்கள். புதியவள் ஒருத்தி, "காலங்காத்தால என்ன சத்தம்? வழி விடுங்க தாத்தா, பூட்டணும்" என்றாள்.

நிதானம் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினார். நாளுக்கு ஒரு நோட்டாக, ஐம்பத்து மூன்றையும் அந்தக் கையில் எண்ணி வைத்தேன்.