உம்மாவுக்கு நான் போட்ட சட்டம்

நாலு வருடத்துக்குப் பிறகு குவைத்திலிருந்து உம்மா வந்து இறங்கியபோது எனக்கென்று ஒரு பேசும் பொம்மையும், தனக்கென்று ஒரு கெட்டுப்போன வயிறும் கொண்டுவந்திருந்தார். பொம்மை ஒரு கிழமையில் பேச்சை நிறுத்திவிட்டது. வயிறு அப்படி லேசில் விடவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. ஏறாவூரில் ஆற்றங்கரைப் பக்கம் எங்கள் வீடு. அதுவரை என்னை வளர்த்த சாச்சி, அதாவது உம்மாவின் தங்கை, பக்கத்து வளவில் இருந்தா. உம்மா வந்த சந்தோசத்துக்கு அவவே ஆக்கி, சொந்தக்காரப் பெண்களைக் கூப்பிட்டு சகன் வைத்தா. பெரிய தட்டில் சோறும் இறைச்சியும் நிரப்பி, ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகத் தின்பதுதான் சகன். பேச்சும் சிரிப்புமாக ஒருமணி நேரம் இழுக்கும். உம்மாவோ, மற்றவர்கள் நாலு வாய் வைப்பதற்குள் தன் பக்கத்துச் சோற்றைத் துடைத்துவிட்டு எழும்பிவிட்டார்.

“ஆரு புள்ள ஒன்னத் துரத்துற?” என்றா ஒரு பெண். எல்லோரும் சிரித்தார்கள். உம்மாவும் சிரித்தார்.

அடுத்த நாளிலிருந்து அவர் சோற்றுக்குப் பாயில் இருக்கவே இல்லை. அடுப்படிக் கதவு நிலையில் சாய்ந்து, சோற்றுக் கோப்பையைக் கையில் ஏந்தி, நின்றபடியே தின்பார். அதுவும் ஒரு நாளைக்கு ஒரு தரம், நாலு மணி போல, அசர் தொழுகை நேரத்தில். மற்ற நேரமெல்லாம் வெறுந்தேத்தண்ணி. வெளிக்குப் போவது நாலைந்து நாளைக்கு ஒரு தடவை. வயிறு கல் மாதிரி இறுகிப்போய், பின்னேரமானால் பாயில் சுருண்டு கிடப்பார். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த வாப்பா அதிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நானும் தொற்றிக்கொண்டேன்.

டாக்டரம்மா வயிற்றை அமத்திப் பார்த்தா. சோதனைகள் எழுதினா. அடுத்த தடவை போனபோது, “குடல்ல ஒரு வருத்தமும் இல்ல. பழக்கம்தான் பிழைச்சிருக்கு. நேரத்துக்குச் சாப்பிடோணும், இருந்து மென்டு சாப்பிடோணும், தண்ணி குடிக்கோணும்” என்று விரலை மடக்கினா. கீரை, பழம், கொஞ்ச நடை. “முக்கியமா, வந்தா அடக்கி வைக்கப்படாது” என்று இரண்டு தரம் சொன்னா. உம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அந்த ஆட்டலில் டாக்டரம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை போலும், என்னைப் பார்த்தா.

“நீங்கதான் இனி அம்மாவுக்கு டீச்சர். சரியா?”

இதைப் பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்லியிருக்கக் கூடாது. அன்றே ஒரு அட்டையில் சட்டங்களை எழுதி அடுப்படியில் ஒட்டினேன். ‘அடக்கி வைக்கப்படாது’ என்ற கடைசிச் சட்டத்துக்குச் சிவப்புக் கோடு. விடிந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீர் இரண்டு கிளாஸ், பிறகு வல்லாரை இலைக்கஞ்சி. நான் பள்ளிக்கூடம் போகும் நாட்களில் சாச்சி எனக்குப் பிரதிநிதி. வீட்டில் இருக்கும் நாட்களில் ஒரே கோப்பையில் இரண்டு பேருக்கும் சோறு போட்டு உம்மாவைப் பாயில் இருத்தினேன். நான் தின்று முடியுமட்டும் அவர் எழும்ப முடியாதல்லவா. அவர் மீனை என் பக்கம் தள்ளுவார். நான் முருங்கையிலைச் சுண்டலை அவர் பக்கம் தள்ளுவேன். ஒவ்வொரு வாய்க்கும் எத்தனை தரம் மெல்கிறார் என்று சத்தமாக எண்ணினேன். வாப்பா அதைப் பார்க்கச் சகிக்காமல் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். பின்னேரம் ஆற்றங்கரை வரைக்கும் நடை. உம்மா வலி என்றாலும் விடமாட்டேன்.

எனக்குப் பெருமை தந்த விசயம் இன்னொன்று. கக்கூசுக்குப் போவதென்றால் உம்மா ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் நிற்கும் ஆளிடம் கேட்பார். சாச்சியிடம் கேட்பார், வாப்பாவிடம் கேட்பார், என்னிடமும் கேட்பார்.

“நான் போயிட்டு வரட்டா?”

டீச்சர் வேலைக்குக் கிடைத்த மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டேன். “ம், போங்க” என்று பெரிய மனதோடு அனுமதி கொடுப்பேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மூன்றாம் மாதம் உம்மாவின் முகத்தில் இரத்தம் ஊறியது. நேரத்துக்குப் பசிக்கிறது என்றார். பப்பாசிப் பழத்தை அவரே வெட்டி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். ஒரு நாள் விடியற்காலை ஒருவரிடமும் கேளாமல் கக்கூசுக்குப் போய் வந்தார். என்னிடம் கேட்கவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அதே கிழமை ஏஜென்சிக்காரர்கள் அவரைக் கொழும்புக்கு மெடிக்கலுக்கு, உடம்புச் சோதனைக்கு, கூட்டிப்போனார்கள். வயிறு உட்பட எல்லாம் சரி என்று வந்தது. நான் வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். மெடிக்கல் சரி என்றால் திரும்பப் போகலாம் என்று அர்த்தம் என்பதைச் சாச்சிதான் எனக்குச் சொன்னா. அதே குவைத், உம்மா வீட்டு வேலை செய்த அதே வீடு.

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு ஒரு வீடு இல்லாமல் கலியாணம் நடவாது. வளவின் மூலையில் யன்னல் மட்டத்தோடு நின்ற செங்கல் சுவர் என்னுடையது. அதைப் பார்த்துக்கொண்டு, போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வயிறாவது சுகமாகப் போகட்டும் என்று, சட்டங்களைச் சின்னக் கடதாசியில் இன்னொரு தரம் எழுதி உம்மாவின் பெட்டிக்குள் வைத்தேன்.

உம்மாவை ஏர்போர்ட்டுக்கு ஏற்றிப்போக வான் வருவதற்குப் பத்து நாள் இருந்தபோது எல்லாம் தலைகீழானது. மத்தியானம் பாய் போட்டுக் கூப்பிட்டேன். “எனக்கு வேணாம் மகள்” என்றார். அசர் ஆனதும் கதவு நிலையில் சாய்ந்து நின்று, நாலு பிடியில் சோற்றை முடித்தார். அடுத்த நாளும் அப்படித்தான். காலைத் தண்ணீரில் அரைக் கிளாஸ் மட்டும் குடித்துவிட்டு மிச்சத்தை ஊற்றினார். கஞ்சியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

“நான் போயிட்டு வரட்டா?”

எனக்கு விசர் வந்தது. “என்னத்துக்கு எல்லாத்தையும் நாசமாக்குறீங்க? எவ்வளவு கஷ்டப்பட்டுச் சுகமாக்கினன் நான்” என்று கத்தினேன். உம்மா கோபிக்கவில்லை. “கொஞ்ச நாளைக்கு இப்படி இரிக்கட்டும் மகள்” என்றார். நான் சட்ட அட்டையைப் பிய்த்து அடுப்புக்குள் போட்டேன். அதோடு பேச்சையும் நிறுத்தினேன். வான் வந்த அன்று சாச்சி வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். ஒரு காலை வானில் வைத்தபடி உம்மா வெகு நேரம் நின்றதாகச் சாச்சி சொன்னா. ஸலாம் சொல்லக்கூட நான் வெளியே வரவில்லை.

அவர் திரும்பி வர மூன்று வருடமானது. வீடு முடிந்தது. இன்று அதில்தான் இருக்கிறோம். உம்மாவின் வயிற்றுக்கு இப்போது மருந்தும் குழைந்த சோறும்தான். அந்தக் குவைத் வீட்டில் எல்லோரும் தின்று முடித்த பிறகு ஒரு நேரச் சாப்பாடு, நின்றபடி. கக்கூசு மொட்டை மாடியில், மாடிச் சாவி வீட்டுக்காரியின் கையில். இதையும் சாச்சிதான் சொன்னா, எனக்குக் கலியாணமான பிறகு. கேட்டு அழுதேன். ஆனால் அந்தப் பத்து நாள் மட்டும் அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

போன வருடம் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். தையல் மெசின் வரிசை ஒன்றுக்கு ஒரே ஒரு அட்டை. அட்டை கையில் இருந்தால்தான் கக்கூசுக்குப் போகலாம். ஹஜ்ஜுப் பெருநாள் லீவு முடிகிற நாள், வீட்டில் மத்தியானச் சோறு தின்றுகொண்டிருந்தேன். நாளைக்கு வேலை என்ற நினைப்பில், ஒருவரும் சொல்லாமலே என் கை தண்ணீர்க் கிளாஸைத் தூரத் தள்ளி வைத்தது. தள்ளிய கையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உம்மா தன் வயிற்றை நாசமாக்கவில்லை. அந்த வீட்டுக்கு அதைப் பழக்கிக்கொண்டிருந்தார். வான் வருவதற்குப் பத்து நாள் முன்பே அவர் போய்விட்டார். நான்தான் உம்மா இன்னும் வீட்டில் இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு, அவரோடு பேசாமல் இருந்தேன்.