சைபருக்கு முன்னால் ஒரு கோடு

அன்று காலை நான் முதலில் செய்த வேலை, ஒரு கழித்தல் குறியைத் தட்டியது. பல்கூடத் துலக்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து, லூர்துமேரி அக்கா ஐந்து நாட்களுக்கு முன் வாட்ஸப்பில் அனுப்பியிருந்த எண்களை, அவர் சொன்னபடியே பூஜ்யத்துக்கு முன்னால் கோடு போட்டுத் தேடல் பெட்டியில் இட்டேன். பக்கம் சற்று நேரம் சுற்றியது. பிறகு விண்மீன் வந்தது. பல ஆண்டுகளில் எடுத்த அளவுகளோடு, ஒரு நாள் மங்கியும் ஒரு நாள் பளிச்சென்றும், அவர் சொன்ன இடத்தில் அப்படியே இருந்தது. "அக்கா, நீங்க சொன்னதுதான் சரி. தப்பு என்னோடது" என்று அனுப்பினேன். ஒற்றை டிக் விழுந்தது. தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது கல்லூரி அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"மேடம், நம்ம லூர்து தவறிருச்சு. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னிருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காக. வழியிலயே முடிஞ்சிருச்சாம்."

இரங்கல் எழுதுகிறவர்கள் கோபப்படக் கூடாது என்று ஒரு மரியாதை உண்டு. எனக்கு இப்போது வேறொன்றும் வரவில்லை. பாதிக் கோபம் கல்லூரிக்காரர்களான உங்கள் மேல். மீதி யார் மேல் என்று போகப் போகச் சொல்கிறேன்.

எங்கள் கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் லூர்துமேரி பத்தொன்பது ஆண்டுகள் உதவியாளராக இருந்தார். காமயகவுண்டன்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். கணினிகளை இயக்கி வைப்பது, மின்சாரம் போனால் பேட்டரியைப் பார்ப்பது, மாணவிகள் உடைத்த மௌஸுக்கு மாற்று எழுதி வாங்குவது எல்லாம் அவர் வேலை. நான் அங்கே கணிதம் நடத்துகிறேன். அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருந்தது என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

வானாய்வுப் பயிற்சி என்று வெளியூரிலிருந்து இருவர் வந்து எங்கள் ஆய்வகத்தில் இரண்டு நாள் வகுப்பு நடத்தினார்கள். பெரிய தொலைநோக்கிகள் வானத்தைப் பகுதி பகுதியாக, திரும்பத் திரும்பப் படம் எடுத்து, கோடிக்கணக்கான விண்மீன்களின் இடத்தையும் ஒளியையும் இணையத்தில் யாரும் தேடும்படி வைத்திருக்கின்றன. அதில் எப்படித் தேடுவது என்பதுதான் வகுப்பு. ஒளி மாறுகிற, இதுவரை யாரும் பதிவு செய்யாத விண்மீன் கிடைத்தால் ஒரு பட்டியலாக அனுப்பலாம், கண்டுபிடித்தவர் பெயரோடு பதிவாகும் என்றார்கள். மாணவிகள் படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்குச் சான்றிதழ் கிடைத்தது. புரொஜெக்டர் வயரைச் சுருட்ட வந்த லூர்து அக்கா, அந்தப் பக்கத்தை மூடாமல் உட்கார்ந்துவிட்டார்.

முதல் வாரம் அவர் செய்த தவற்றை அவரே சொல்லிச் சிரிப்பார். தேடும் வட்டத்தின் அளவை விகலையில் கொடுக்க வேண்டும். பாகை என்றால் டிகிரி. அதில் அறுபதில் ஒரு பங்கு கலை, மூவாயிரத்து அறுநூறில் ஒரு பங்கு விகலை. இவர் பாகையிலேயே கொடுத்துவிட்டார். கணினி மூச்சுப் பேச்சில்லாமல் நின்றுவிட்டது.

"ஒரு மாரியம்மாவத் தேடப் போயி, பெரியகுளத்துல இருந்து கூடலூர் வரைக்கும் இருக்கிற அம்புட்டு மாரியம்மாவையும் கூப்பிட்டு விட்டுட்டேன் மேடம். எல்லாரும் ஒரே நேரத்துல என்னா என்னான்னு வந்தா அது என்னா செய்யும் பாவம்!"

அதற்குப் பிறகு அந்தத் தவறு அவரிடம் நடக்கவில்லை. உதவிப் பக்கங்களை அச்செடுத்து, ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதி வைத்துக்கொண்டார். மதிய இடைவேளையில் சாப்பாட்டை மடியில் வைத்துக்கொண்டு தேடுவார். முடிவுகள் எதுவும் இல்லை என்று பக்கம் சொன்னால் நான் எழுந்துவிடுவேன். அவர் எழ மாட்டார். "இல்லைன்னு வந்தா வானத்துல இல்லைன்னா அர்த்தம்? நம்ம கேட்டது சரியில்ல. கேக்குற விதமாக் கேட்டா அது எதுக்குங்க இல்லைங்குது?" என்பார்.

எந்தப் பகுதியில் தேடுவது என்பதையும் அவரே முடிவு செய்தார். பூமிக்கு நடுக்கோடு இருப்பதுபோல வானத்துக்கும் ஒன்று உண்டு. வடக்கே இருப்பது கூட்டல், தெற்கே இருப்பது கழித்தல். அந்தக் கோட்டுக்குச் சற்றே தெற்கில் ஒரு பட்டையை எடுத்துக்கொண்டார். வடக்கு நாடுகளின் தொலைநோக்கிகளும் தெற்கு நாடுகளின் தொலைநோக்கிகளும் பார்க்கும் பொது இடம் அது, ஒன்றில் விட்டது மற்றதில் இருக்கும் என்பது அவர் கணக்கு. முனைவர் பட்டம் வைத்திருக்கும் எனக்கு இது தோன்றவில்லை. ஓராண்டுக்கும் மேல் தேடிப் பதினொரு விண்மீன்களைப் பிடித்தார். ஒவ்வொன்றும் எத்தனை நாளுக்கு ஒருமுறை மங்குகிறது என்பதை வரைந்து வைத்தார். ஏற்கெனவே பதிவானவையா என்று ஒவ்வொரு பட்டியலிலும் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

கடைசிப் பட்டியலை அனுப்பும் பொறுப்பு எனக்கு வந்தது. பொறுப்பு என்றால், கையெழுத்துப் போடும் தகுதி. அட்டவணையைத் திறந்தேன். பதினொரு விண்மீனும் கோட்டிலிருந்து ஒரு பாகைகூட விலகாதவை. அதனால் எல்லாவற்றிலும் பாகைக்கான கட்டத்தில் பூஜ்யம், அதற்கு முன்னால் கழித்தல் குறி. அட்டவணை அந்தக் குறியை விழுங்கிவிடாமல் இருக்க, அவர் ஒவ்வொரு கட்டத்தையும் எண்ணாக வைக்காமல் எழுத்தாக மாற்றி வைத்திருந்தார். கட்டங்களின் மூலையில் பச்சை எச்சரிக்கை முக்கோணங்கள். எனக்கு அது அசிங்கமாகப் பட்டது.

"சைபருக்கு ஏதுக்கா மைனஸ்?" என்றேன்.

"இருக்கு மேடம். பாகைதான சைபர்? பக்கத்துக் கட்டத்துல இருபது கலை இருக்குல்ல? கோட்டுக்குத் தெக்க இருபது கலை."

"நான் பதினெட்டு வருசமாக் கணக்கு நடத்துறேன்க்கா."

"நீங்க நடத்துங்க, நான் வேண்டாங்கலையே. கம்பம்மெட்டு செக்போஸ்ட்டத் தாண்டி அரைக் கிலோமீட்டர் போனாலும் கேரளாதான மேடம்? ஒரு கிலோமீட்டர் ஆகலேன்னு சைபர்னு போட்டு, அதையும் நம்ம பக்கம்னு எழுதிருவீகளா?"

பக்கத்தில் இருந்த இரண்டு ஆசிரியைகள் சிரித்தார்கள். அவர் சொன்னது சரியாக இருந்ததற்காகச் சிரித்தார்களோ, அவர் என்னிடம் அப்படிப் பேசியதற்காகச் சிரித்தார்களோ தெரியாது. எனக்குச் சுருக்கென்றது. கட்டங்களை மொத்தமாகத் தேர்ந்து, எண்ணாக மாற்று என்பதை அழுத்தினேன். பதினொரு கோடுகளும் ஒரே அழுத்தில் போயின. அப்படியே அனுப்பினேன்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. குறிப்பிட்ட இடங்களில் ஒளி மாறும் விண்மீன் எதுவும் இல்லை, தரவுகளைக் கவனமாகத் தயாரிக்கவும். துறைத் தலைவரின் அறையில் எங்களை நிற்க வைத்தார்கள். "படிச்சவங்க செய்ய வேண்டிய வேலைய அட்டெண்டர்கிட்டக் குடுத்தா இப்படித்தான் சந்தி சிரிக்கும்" என்றார் அவர். லூர்து அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். அந்த நொடியே எனக்கு விளங்கிவிட்டது என்று சொன்னால் பொய்யாகும். சந்தேகம் வந்தது. அதைத் தீர்க்க ஐந்து நிமிடம் போதும். ஒரு கோடு போட்டுத் தேடினால் முடிந்தது. நான் எட்டு மாதம் எடுத்துக்கொண்டேன். துறைத் தலைவர் அறையில் நான் வாயைத் திறக்காமல் நின்றதன் பலன் இதுதான். அவரை விடைத்தாள் கிடங்குக்கு மாற்றினார்கள், ஆய்வகக் கணினியின் கடவுச்சொல்லையும் மாற்றினார்கள்.

அவர் அமைதியாக ஏற்றுக்கொண்டார் என்று இப்போது பலரும் சொல்கிறீர்கள். இல்லை. அடுத்த ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. பஸ் நிறுத்தத்தில் என்னைக் கண்டால் மேற்கு மலையைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். ஒரு நாள் நானே போய் நின்றபோது வெடித்தார்.

"ஒரு கோடு மேடம். இத்துனூண்டு. உங்க மொகத்துக்காகவா நான் ஒரு வருசம் சோத்த மடியில வச்சுத் தேடுனேன்? உங்களக் காட்டிக் குடுக்க எனக்கு ஒரு நிமிசம் ஆகாது. குடுத்தா மட்டும் அவுக நம்பிருவாகளா? போங்க. நட்சத்திரம் அங்கனதான் கெடக்கு. ரோசம் வந்தா மைனஸ் போட்டுத் தேடுங்க."

பிறகு கைப்பேசியிலேயே தேடத் தொடங்கினார். அந்தச் சின்னத் திரையில் அட்டவணையின் பாதி வெளியே கிடக்கும். விரலால் நகர்த்தி நகர்த்திப் படித்தார். மாதம் ஒருமுறையாவது பதினொன்றில் ஒரு விண்மீனின் எண்களை எனக்கு அனுப்புவார். கீழே ஒரே ஒரு சொல்: "தேடுனீகளா?" நான் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். கடைசியாக அனுப்பியது அவர் இறப்பதற்கு ஐந்து நாள் முன்பு.

கல்லூரியில் இரங்கல் கூட்டம் வைத்தீர்கள். ஃப்ளெக்ஸில் அவர் படத்துக்குப் பின்னால் இணையத்திலிருந்து எடுத்த ஒரு விண்மீன் மண்டலத்தைப் போட்டிருந்தீர்கள். அவர் தேடிய பகுதியில் அப்படி ஒன்று கிடையாது என்பதை யாரும் பார்க்கவில்லை. பணிவின் இலக்கணம் என்றார் ஒருவர். துறைத் தலைவர் எழுந்து, "வானத்தை ரசிக்கத் தெரிந்த எளிய உள்ளம்" என்றார். நான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தேன். அவர் ரசிக்கவில்லை ஐயா. அவர் தேடினார். கண்டுபிடித்தார். எங்கே இருக்கிறது என்று பாகை, கலை, விகலை சொன்னார். எளிய உள்ளம் என்கிறீர்களே, அந்த உள்ளத்துக்குத் தெரிந்த கணக்கு அந்த மண்டபத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? பட்டம் வாங்கிய எனக்கே தெரியவில்லை.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து மற்றப் பத்தையும் கோடு போட்டுத் தேடினேன். பத்தும் இருந்தன. பதிவான விண்மீன்களின் பட்டியலையும் பார்த்தேன். இந்த இடைவெளியில் மூன்றை வேறு யாரோ, வேறு நாட்டில், கண்டு பதிவு செய்திருக்கிறார்கள். அவர்கள் மேல் தவறில்லை. எல்லோருக்கும் திறந்திருக்கும் தகவல்தான். ஆனால் அந்த மூன்றும் இனி லூர்துமேரியுடையவை ஆகா. அவற்றைப் பறித்தவள் நான். மீதி எட்டையும் நேற்று மறுபடி அனுப்பினேன். முந்தைய பிழை யாருடையது என்று எழுதி, கண்டுபிடித்தவர் என்ற கட்டத்தில் அவர் பெயரை மட்டும் இட்டேன்.

அடக்கத்துக்குப் போயிருந்தபோது அவருடைய கணவர் அந்தோணி அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். அதிர்ந்து பேசாதவர்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். எம்பொண்டாட்டி ஏதோ தப்பா எழுதிப்புட்டா, அதான் கம்ப்யூட்டர் ரூம்ல இருந்து தூக்கிட்டாகன்னு ஊருக்குள்ள சொல்றாக. நான் அவகிட்டயே கேட்டேன். 'கணக்குத் தெரிஞ்சவுகளப் போயிக் கேளுங்க'ன்னுட்டா. உங்களுக்குத்தான் தெரியும். நெசமா?"

சுற்றிலும் நம் கல்லூரிக்காரர்கள் நின்றிருந்தார்கள். "இப்ப வேணாம்ண்ணே, அப்புறம் பேசுவம்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது எது என்று யோசித்துப் பார்த்தேன். பொறுமை என்று எழுதினால் பொய். அவருடைய கோபத்தைத்தான் வைத்துக்கொள்கிறேன். சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் கேட்க ஆளில்லாதவருக்கு வந்த கோபம் அது.

ஆண்டு மலருக்காக ஒரு பக்கம், நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். வரும் கல்வியாண்டில் துறைத் தலைவர் பொறுப்பு எனக்கு வருகிறது. அதனால் பார்த்து எழுதுங்கள் என்றும் சொன்னார்கள். இதை மலர்க் குழுவிடம் கொடுக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காமயகவுண்டன்பட்டிக் கோயிலில் அவருக்கு முப்பதாம் நாள் பூசை. கல்லூரியிலிருந்து எல்லோரும் வேனில் போகிறோம். பூசை முடிந்து சனம் கலைவதற்குள், அந்தோணி அண்ணனுக்கு முன்னால் நின்று, இந்தப் பக்கங்களை முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிக்கப் போகிறேன்.