சொந்த ஊருக்கு ஒரு டூர்

ஏற்காட்டில் பிறந்தவர்களுக்கு இருக்கிற ஒரே குறை, கோடை விடுமுறைக்குப் போக வேறொரு ஏற்காடு இல்லாததுதான். மே மாதம் வந்தால் ஊர் உலகமே எங்கள் ஊருக்கு வந்துவிடும். நாங்கள் எங்கே போவது? சொந்தக்காரர்கள் எல்லாம் சேலத்தில் இருந்தார்கள். அந்த வெயிலுக்குள் இறங்கிப் போவதை யாரும் டூர் என்று சொல்ல மாட்டார்கள். போதாததற்கு அவர்களே மூட்டை கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

அப்பா பஸ் ஸ்டாண்டில் ஜீப் ஓட்டினார். வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் என்று சுற்றிக் காட்டுவது வேலை. சீசனில் விடிந்ததும் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். நான் நாலாவது முடித்த வருடம், லீவு விட்டதும் எல்லோரையும் கன்னியாகுமரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கடல் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். லீவு விட்டது. பூக்கண்காட்சி முடியட்டும் என்றார். முடிந்தது. கூட்டம் குறையட்டும் என்றார். கூட்டம் குறையவில்லை, லீவுதான் குறைந்துகொண்டே வந்தது. கடற்கரையில் மண் அள்ளுவதற்கென்று தம்பி ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தயாராக வைத்திருந்தான். ஒருநாள் அம்மா அதை எடுத்து வெங்காயம் போட்டுவைத்தாள்.

அன்றிலிருந்து அவள் அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சத்தம் இல்லை, சண்டை இல்லை. அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். "சோறு ஆறுதுன்னு அப்பாகிட்டச் சொல்லு கண்ணு" என்பாள் என்னிடம். நான் அப்பா பக்கம் திரும்பி, "சோறு ஆறுதாம்ப்பா" என்பேன். "வர்றேன்னு சொல்லு சாமி" என்பார் அவர். வீட்டில் எனக்குப் பெரிய உத்தியோகம் கிடைத்துவிட்டதாக நினைத்து நான் பெருமையாகத் திரிந்தேன்.

என் கவலையெல்லாம் டூர் பற்றித்தான். பள்ளிக்கூடம் திறந்ததும் லீவுக்கு எங்கே போனாய் என்று டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்பார். "ஊட்லயே இருந்தேனுங்க டீச்சர்" என்று சொல்லி உட்கார்ந்த போன வருட அவமானம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கடலே வேண்டாம், அப்பா கூட வருகிற மாதிரி ஒரே ஒரு நாள் எங்கேயாவது போனால் போதும் என்று அழுது தீர்த்தேன். அம்மா அடுப்பை அணைத்தாள்.

"டூருதான வேணும்? எந்திரிச்சு மூஞ்சியக் கழுவு."

கல்யாணங்களுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டினாள். தேர்த் திருவிழாவில் வாங்கிய என் கூலிங்கிளாஸைப் பிடுங்கித் தான் போட்டுக்கொண்டாள். தம்பி தலையில் தொப்பி, என் கையில் தண்ணீர் பாட்டில். போகிற வழியில் சட்டம் சொன்னாள். "இன்னைக்கு நாம வெளியூர்க்காரங்க. ஊடு திரும்பற வரைக்கும் அப்பாவ அப்பான்னு கூப்பிடக் கூடாது. டிரைவர்னுதான் சொல்லோணும்." எனக்கு விளையாட்டு என்றால் சட்டம் சட்டம்தான். யார் மீறினாலும் விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

ஸ்டாண்டில் முறை பார்த்து வண்டி அனுப்புகிறவர் எங்களுக்குத் தெரிந்தவர். "என்னம்மா, ஊட்டுக்காரரப் பாக்கோணுமா?" என்றார்.

"இல்லீங்கண்ணா. நாங்க டூரிஸ்ட்டுங்க. பாயிண்ட்டெல்லாம் பாக்கோணும், வண்டி வேணுமுங்க."

அவர் அம்மாவையும் கூலிங்கிளாஸையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, வரிசையில் அப்பாவுக்கு முன்னால் நின்றிருந்த ஜீப்பை வேறு சவாரிக்கு அனுப்பிவிட்டு, அப்பாவின் வண்டி எண்ணை ஊருக்கே கேட்கிற மாதிரிக் கூவினார். வருகிற சவாரியை வேண்டாம் என்கிறவர் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்பது அங்கே கட்டுப்பாடு. அப்பா இறங்கி வந்தார். எங்களைப் பார்த்தார். மற்ற டிரைவர்கள் எல்லாம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பின்சீட்டைத் தட்டிவிட்டார்.

"வாங்க மேடம். ஏறும்போது தலையில இடிச்சுக்காதீங்க."

அம்மாவை அப்பா வாங்க போங்க என்று பேசி அன்றைக்குத்தான் கேட்டேன். வழியெல்லாம் பேசினார். மிளகுக்கொடியைக் காட்டினார், காபிச் செடியைக் காட்டினார், நாங்கள் தினமும் பார்க்கிற ஏரியையும் காட்டினார். சவாரிக்காரர்களுக்கென்று அவரிடம் ஒரு மூட்டை நகைச்சுவை இருந்தது. வீட்டில் ஒன்றைக்கூட அவிழ்த்ததில்லை. லேடீஸ் சீட்டில் நின்று பள்ளத்தில் கையை நீட்டி, "அதா தெரியுது பாருங்க, அதுதான் சேலமுங்க" என்றார். சேலத்திலேயே பிறந்து வளர்ந்த அம்மா, "ஓ, அப்படீங்களா!" என்று ஆச்சரியப்பட்டாள். எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. எனக்கு அப்பாவை அவ்வளவு பிடித்த நாள் வேறில்லை. நடுவில் தம்பி மறந்துபோய் "அப்பா, ஒண்ணுக்கு" என்றான். நான் தொடையில் கிள்ளி, "டிரைவர்னு சொல்லுடா" என்றேன்.

கடைசியாகச் சேர்வராயன் கோயில். குகைக்குள் குனிந்து போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, வெளியே காற்றில் வந்து நின்றோம். அம்மா கூலிங்கிளாஸைக் கழற்றினாள்.

"ஏனுங்க டிரைவர், ஊருல இருக்கறவங்களுக்கெல்லாம் சுத்திக் காட்டறீங்களே. உங்க ஊட்டுக்காரம்மாவ என்னைக்காவது இங்க கூட்டியாந்திருக்கீங்களா?"

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. ஜீப் கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"இல்லீங்க மேடம். கல்யாணமான புதுசுல ஒருக்கா. அப்பறம் நாளைக்கு நாளைக்குன்னே போயிருச்சுங்க. இப்ப அவங்க நொம்பக் கோவமா இருக்கறாங்க."

"இருக்காதுங்களா பின்ன?"

"இருக்குமுங்க. தப்பு எம்மேலதான். வாயத் தொறந்து சொல்லத்தான் வரமாட்டேங்குது."

"சொல்லிப் பாருங்க" என்றாள் அம்மா. "கேட்டுக்குவாங்க."

இரண்டு பேரும் எவ்வளவு நன்றாக நடிக்கிறார்கள் என்று நான் அசந்துபோனேன். தம்பிதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "பாவம் அந்த அம்மா, அவங்களையும் கூட்டியாந்திருக்கலாமில்ல" என்றான். "சும்மா சொல்றாங்கடா மக்கு, விளையாட்டுக்கு" என்று விளக்கினேன். எல்லாம் தெரிந்த ஒருத்தி வண்டியில் இருந்தாக வேண்டுமே.

திரும்பும்போது அம்மா பின்சீட்டில் ஏறாமல் முன்னால் போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடங்கள் முன்சீட்டில் உட்காரலாம், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் எஸ்டேட் கேட் திருப்பத்தில் வண்டி மெதுவானபோது, அவள் கையை நீட்டி, மடங்கிக் கிடந்த அப்பாவின் சட்டைக் காலரை எடுத்து நேராக்கினாள். நேராக்கிய பிறகும் கையை எடுக்கவில்லை. அப்பாவும் வண்டியை இன்னும் மெதுவாக ஓட்டினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வீடு இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கிறது, அதற்குள் இவளே ஆட்டத்தைக் கலைக்கிறாளே! பின்னாலிருந்து எட்டி அம்மாவின் தோளைத் தட்டினேன்.

"மேடம், அவரு டிரைவருங்க."