கெஜ்ருன் வீட்டு ஆடு

எங்கள் ஊரில் யாரும் எதற்கும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். இன்ஷா அல்லாஹ் என்பார்கள். ஆண்டவன் நாடினால் வருவோம் என்று அதற்குப் பொருள். அவன் நாடியும் இவர்கள் வராத நாட்கள்தான் அதிகம். அந்த வார்த்தையை என் காப்பிக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டுதான் சொல்வார்கள் என்பதால் மற்றவர்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே எரியும்.

என் அக்கா சல்பியாவின் கணவர் ஹஸ்பல்லாதான் ஊருக்குக் கெஜ்ருன், அதாவது வயலுக்கு நாட்டாமை. ஆற்று மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு முதல் தண்ணீர், நாற்று நடுவது என்றைக்கு, எல்லாம் அவர் வாக்கு. கேட்கப் பெரிய பதவியாகத்தான் இருக்கும். கெஜ்ருன் வீட்டு வயலுக்குக் கடைசியில்தான் தண்ணீர் பாய வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது. அந்த வயல் அக்காவின் பெயரில் இருக்கிறது. எனவே வருடா வருடம் பதவி அவருக்கு, வறட்சி அக்காவுக்கு.

அவர் செலாவா மலைக்கு அந்தப் பக்கத்து ஆள். கல்யாணத்தன்று ஒரு தகரப் பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தார். வீடு பெண்ணுக்கு, வந்து சேர்வது மாப்பிள்ளை, அதுதான் இங்கே வழக்கம். பழைய கெஜ்ருன் மவுத்தானதும் தொழுகைக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். அந்த வேலையை எவனும் விரும்பவில்லை. இவர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் பின்பக்கம் போயிருந்தார். ஈரக் கையோடு திரும்பியபோது எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அதற்குள் காரியம் முடிந்திருந்தது. அவருக்கு மறுத்துப் பேசி வழக்கமில்லை.

இந்த வருடம் கால்வாய் படுமோசமாகக் கிடந்தது. ஆற்றிலிருந்து ஊர் வயலின் கடைக்கோடி வரை கோரை ஆளுயரம் நின்றது. பள்ளிக்கூடத்து வளைவில் பிளாஸ்டிக் பை, பிள்ளைகளின் துணி, யாரோ தூக்கிப் போட்ட மெத்தை என்று ஒரு குப்பைமேடே அடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மண்வெட்டியோடு வரவேண்டும் என்று ஹஸ்பல்லா கடையில் வைத்துச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். மேல்மடையில் வயல் வைத்திருக்கும் தர்மிசி, ஹஸ்பல்லாவுக்கு முன்னால் இருந்த பொரித்த வாழைப்பழத்தை எடுத்துக் கடித்துக்கொண்டே, "நீங்க வர்றதுக்கு முன்னாடி நான் அங்க நிப்பேண்ணே, இன்ஷா அல்லாஹ்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை நின்றது ஹஸ்பல்லாவும் நானும். ஒருவனுக்கு மச்சினிச்சி கல்யாணம், ஒருவனுக்கு மோட்டார் சைக்கிள் ரிப்பேர். தர்மிசிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதாம். அன்று மாலை அதே இடுப்போடு அவன் கைப்பந்து ஆடியதை நான் கண்ணால் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேரும் வெட்டி வெட்டிப் பள்ளிக்கூடத்துக்கு மேல்பக்கம் வரைதான் கொண்டுவர முடிந்தது. வளைவு அப்படியே கிடந்தது.

கால்வாய் சுத்தமாகாமல், நடவுக்கு முன்னால் ஊர் கூடி வைக்கும் வயல் விருந்து வேண்டாம் என்று ஹஸ்பல்லா ஊர்த்தலைவரிடம் போய்ச் சொன்னார். எருமை வாங்கியாகிவிட்டது, கொப்பரையில் சமைக்கவும் ஆள் சொல்லியாகிவிட்டது, விருந்து முடியட்டும், பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்றார் தலைவர். ஹஸ்பல்லா சரி என்றார். அவர் செய்த தப்பு அந்த ஒரு சரிதான். விருந்து முடிந்தால் மூன்று நாள் தடை. வயலிலும் கால்வாயிலும் மனிதக் கால் படக்கூடாது. நடப்போகிற பயிர் நல்லபடியாக வர மண்ணுக்கு அந்த ஓய்வு வேண்டும் என்பது காலங்காலமாக உள்ள கட்டு. இது தெரிந்தும் சரி சொன்னார்.

விருந்துக்கு ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். மோட்டார் சைக்கிள் ரிப்பேரான ஆளும் அதே மோட்டார் சைக்கிளில் வந்தான். துவா ஓதினார்கள். ஹஸ்பல்லா மடையைத் திறந்துவிட்டு, தடை தொடங்கியது, மீறுகிறவர் ஓர் ஆடு தரவேண்டும், தடையும் முதலிலிருந்து மறுபடி தொடங்கும் என்று அறிவித்தார்.

மறுநாள் காலையிலேயே தண்ணீர் வளைவில் முட்டி நின்று கரையை உடைத்துக்கொண்டது. உடைப்புக்கு நேர் கீழேதான் அக்காவின் நாற்றங்கால். மற்றவர்கள் நாற்றெல்லாம் மேட்டில் பத்திரமாக இருந்தன. அக்காவின் நாற்று போனால் மறுபடி விதைத்து முளைக்க வைக்க வேண்டும். ஊர் நெல்லுக்குப் பின்னால் தனியாக விளைகிற வயலை எலி விட்டுவைக்காது. அந்த வருடச் சோறு போச்சு என்று அர்த்தம்.

நான் கடையைப் போட்டது போட்டபடி ஓடினேன். ஊரே சாலையோரம் நின்றது. ஹஸ்பல்லா தோளில் மண்வெட்டியோடு நின்றார். எல்லோருக்கும் யோசனை இருந்தது, கால்தான் இல்லை. இந்த இடம் உடையும் என்று அப்போதே சொன்னேனே என்றான் தர்மிசி. ஒருவன் செல்போனில் படம் பிடித்தான். பச்சை நாற்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேற்றுத் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது.

அக்கா வீட்டில் மெலிஞ்சோ மரத்துக் கொட்டையை வறுத்து அப்பளமாகத் தட்டிக்கொண்டிருந்தவள், கையில் ஒட்டிய பருப்போடு வந்தாள். நாற்றைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"எறங்கப் போறீங்களா இல்லியா?"

"நாளன்னிக்கு வரைக்கும் யாரும் எறங்கக் கூடாது, சல்பியா."

"அதுவரைக்கும் நாத்து மூச்சப் புடிச்சிக்கிட்டு இருக்குமா?"

அக்கா அவர் தோளிலிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, சாரத்தை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு கால்வாய்க்குள் இறங்கினாள். மெத்தையைத் தனி ஆளாக இழுத்துக் கரையில் போட்டாள். கோரையை வேரோடு வெட்டி, அதையும் சேற்றையும் வைத்தே உடைப்பை அடைத்தாள். எத்தனை நேரம் ஆனது என்று தெரியாது, என் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் ஒரு காலை எடுத்து வைத்தேன். ஹஸ்பல்லா என் கையைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்களுக்கு யாரும் கையைப் பிடிக்க வேண்டிய தேவையே வரவில்லை. வேலை செய்யாமல் இருப்பதற்கு இவ்வளவு நல்ல சாக்கு அவர்களுக்கு வாழ்நாளில் கிடைத்திருக்காது. கடைசியில் தண்ணீர் திரும்பிக் கடைக்கோடி வரை ஓடியது. நாற்றில் பாதி பிழைத்தது.

அன்று சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் கடை நிறைந்துவிட்டது. என்ன சொல்லப் போகிறார் என்று பார்க்கத்தான் வந்திருந்தார்கள். வீட்டுக்காரிதானே, விட்டுவிடுங்கள் என்று ஆளாளுக்குப் பெருந்தன்மை காட்டினார்கள். தர்மிசி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அக்காதானேண்ணே, கண்ண மூடிக்கங்க. நாளைக்கு நாங்க யாராச்சும் அவசரத்துக்கு எறங்குனாலும் மூடிக்கப் போறீங்க. அவ்வளவுதானே."

ஹஸ்பல்லா காப்பியை மண்டி வரை குடித்தார். டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"ஆடு ஒண்ணு. தடை இன்னிலேருந்து மறுபடி மூணு நாள்."

பெருந்தன்மை காட்டியவர்கள் காப்பியைக் கலக்கினார்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"கால்வா வெட்ட வராதவனுக்கு எத்தன ஆடு மச்சான்?"

"வராததுக்குச் சட்டம் இல்ல மாப்ள. எறங்குனதுக்குத்தான் இருக்கு."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர்மேல் கோபம், ஊர்மேல் கோபம், அந்தச் சட்டத்தைப் போட்டுவிட்டு மண்ணுக்குள் போய்விட்ட பெரியவர்கள்மேலும் கோபம்.

மறுநாள் காலை அக்கா தன் வெள்ளாட்டைத் தானே அவிழ்த்துத் தொழுகைக் கூடத்து முற்றத்தில் கொண்டுவந்து கட்டினாள். இன்னொரு கையில் ஒரு மூட்டை இருந்தது. அதைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே ஹஸ்பல்லாவின் சாரமும் தலையணையும் இருந்தன. எங்கள் ஊரில் பெண்டாட்டி வெளியே அனுப்பிய ஆம்பளைக்குத் தொழுகைக் கூடம்தான் படுக்கை. கல்யாணமாகாத பையன்கள் நகர்ந்து இடம் விட்டார்கள், அதுவும் சிரித்துக்கொண்டே.

ஆட்டை அன்றைக்கே அறுத்து, பலாப்பிஞ்சு போட்டுக் கொப்பரையில் ஏற்றினார்கள். விறகு பிளக்க ஆள், தேங்காய் துருவ ஆள், கிண்ட ஆள். யாருக்கும் இடுப்பு பிடிக்கவில்லை. கூடத்தில் பாய் விரித்துச் சோறு பரிமாறியதும் ஹஸ்பல்லா சாப்பிட உட்காராமல், அக்கா கரையில் விட்டுவிட்டு வந்த மண்வெட்டியை எடுத்துவந்து நடுப்பாயில் போட்டார்.

"கெஜ்ருனுக்கு வேற ஆளப் பாத்துக்கங்க."

எல்லோரும் தட்டைப் பார்த்து மென்றார்கள். தலைவர் மட்டும் தொண்டையைச் செருமி, அதைப்பற்றி ஆற அமரப் பேசலாம் என்றார். தர்மிசி எலும்பை உறிஞ்சுவதை நிறுத்தவில்லை. மண்வெட்டி பாயின் நடுவில் கிடந்தது. பரிமாறுகிற பையன்கள் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

அக்கா முற்றத்தில் வந்து நின்றாள். ஆம்பளைகள் சாப்பிடும் இடத்துக்குப் பெண்கள் வருவதில்லை. அவள் கொப்பரையைப் பார்த்தாள், அதில் மிச்சம் அவ்வளவாக இல்லை. பாயில் கிடந்த மண்வெட்டியையும் அதைச் சுற்றி மென்றுகொண்டிருந்தவர்களையும் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறிவந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு வாங்க. வளைவுல இன்னும் பாதிக் கோரை கெடக்கு. தடை முடிஞ்சதும் நீங்களும் நானுந்தான் வெட்டணும்."

ஹஸ்பல்லா தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் பின்னால் இறங்கினார்.

"நாங்களும் வந்துர்றோம்ணே, இன்ஷா அல்லாஹ்" என்று தர்மிசி உள்ளேயிருந்து குரல் கொடுத்தான்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஹஸ்பல்லா மட்டும் திரும்பி, சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.