முள்ளுப் பேத்தையின் கண்

மீனுக்குக் கண் வருத்தம் என்றால் முதலில் எண்ண வேண்டும். கெட்டது ஒரு கண்ணா, இரண்டு கண்ணா? ஒரு கண் மட்டும் வீங்கினாலோ வெளுத்தாலோ அது அடிபட்ட கண். கல்லில் மோதியிருக்கும், வலையில் தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் மற்ற மீன் கொத்தியிருக்கும். இரண்டு கண்ணும் சேர்ந்து கெட்டால் பிழை தண்ணீரில். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இளம் வயதில், வெளிநாட்டுக்கு அழகுமீன் அனுப்புகிற ஒரு கொட்டிலில் தொட்டி கழுவினேன். கண் கெட்ட மீனை எறியச் சொல்வார்கள். நான் எறியாமல் ஒரு வாளியில் விட்டுவைத்துப் பார்ப்பேன். எது தப்புகிறது, எது சாகிறது, ஏன் என்று பார்ப்பேன். ஒரு வருடம் போக, கொட்டில்காரரே என்னைக் கூப்பிட்டுக் கேட்கிற நிலை வந்தது. இந்தப் பக்கத்தில் மீனின் கண்ணைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர் இருந்தால் வரட்டும், எழும்பி நின்று என் கதிரையைக் கொடுக்கிறேன்.

அப்படிப்பட்ட என்னுடைய வீட்டில், என்னுடைய தொட்டியில், போன வருடம் என்னுடைய மீனுக்கு இரண்டு கண்ணும் வெளுத்தன.

மீன் என்றதும் விலைப்பட்ட வண்ண மீன் என்று நினைக்க வேண்டாம். அது முள்ளுப் பேத்தை. வலையில் வந்தால் வாய்க்கு வந்தபடி ஏசி மணலில் எறிகிற சாதி. நஞ்சு, கறிக்கு ஆகாது. கோபம் வந்தால் பந்து மாதிரி ஊதி, உடம்பெல்லாம் முள்ளை நிமிர்த்தும். முல்லைத்தீவுக் கரைக்கு மீன் ஏற்றப் போன ஒரு நாள், கரைவலை இழுத்த இடத்தில் என் உள்ளங்கை அளவில் ஒன்று கிடந்தது. ஊதிப்போய் மணலில் உருண்டு கிடந்தாலும் அதன் கண் இரண்டும் நான் போகிற பக்கமெல்லாம் திரும்பின. நான் அதைத் தலை மேலே இருக்கப் பிடித்து, வயிற்றை மெல்லத் தடவிக் காற்றை இறக்கி, ஐஸ் பெட்டியில் கடல் தண்ணீர் நிரப்பி அதற்குள் விட்டேன்.

“முதலாளி, கறிக்கு வேற மீன் கிடைக்கேல்லையோ?” என்று வலைக்காரன் ஒருவன் கேட்டான்.

“கறிக்கில்லை. வளக்கப் போறன்.”

“பேத்தையையோ! அதுக்கு என்னைக் கொண்டுபோய் வளக்கலாமே. நான் ஊதவும் மாட்டன், குத்தவும் மாட்டன்.”

“நீ ஒரு மாசத்தில என்னைத் திண்டு முடிச்சிடுவாய்,” என்றேன். கரையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் லொறியில் ஏறினேன்.

அந்த லொறியும் என்னுடையது. ஐஸ் உடைக்கிற கூலியாகத் தொடங்கியவன் நான். பிறகு ஐஸ் ஏற்றினேன், பிறகு மீன் ஏற்றினேன், பிறகு இரண்டு லொறி. முரசுமோட்டையில் வயலைப் பார்த்தபடி ஐந்து அறையோடு ஒரு வீடு கட்டினேன். ஒவ்வொரு தூணும் நான் பக்கத்தில் நின்று கட்டுவித்தது. மனுசி அந்த வீட்டில் இரண்டு வருடம்தான் இருந்தா, பிறகு கண்ணை மூடிவிட்டா. பிள்ளைகள் இரண்டு பேரும் கனடாவில். ஐந்து அறையில் ஒன்றில் நான் படுக்கிறேன். மற்ற நாலையும் கிழமைக்கு ஒருக்கால் திறந்து, கூட்டி, திரும்பப் பூட்டுகிறேன்.

தொட்டியை முன்கதவுக்கு உள்ளே, முன் விறாந்தையில் வைத்தேன். கண்ணாடி வெட்டி ஒட்டியதும் நானே. பேத்தை அதில் மூன்று வருடத்தில் இரண்டு கை அளவுக்கு வளர்ந்தது. அதன் கண்ணைக் கண்டவர்களுக்குத்தான் தெரியும். பெரிய உருண்டைக் கண். உள்ளே பச்சைப் பொட்டுப் பொட்டாக மினுங்கும். ஒரு கண் இங்கே பார்க்க மற்றக் கண் அங்கே பார்க்கும். நான் வேலிப் படலையைத் திறந்தால் அது திரும்பிவிடும். நான் குசினிக்குப் போனால் குசினிப் பக்கம், அறைக்குப் போனால் அறைப் பக்கம். பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையில் போனில் முகம் காட்டிக் கதைக்கிறவர்கள்தான். ஆனால் போனில் கதைக்கிறவர்கள் தங்கள் முகம் எப்படி இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். அந்த வீட்டில் நான் வருவதையும் போவதையும் பார்த்தது பேத்தை ஒன்றுதான்.

அதனால்தான் அந்தக் கண் வெளுத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. முதல் நாள் மெல்லிய புகை படிந்தது போல. நாலாம் நாள் பால் ஊற்றியது போல. இறால் துண்டைப் போட்டால் அது கிடக்கிற இடம் தெரியாமல் கண்ணாடியில் மூக்கை இடித்தது. நான் படலையைத் திறந்தேன், மூடினேன், திரும்பத் திறந்தேன். அது அசையவில்லை.

இரண்டு கண்ணும் என்றால் தண்ணீர். ஓம், எனக்குத் தெரியும். ஆனால் அந்தத் தண்ணீரை வைத்தது நானல்லவா? பதினைந்து நாளைக்கு ஒருமுறை என் லொறிச் சாரதி கான்களில் கடல் தண்ணீர் கொண்டுவருவான். பழையதில் பாதியை இறைத்துப் புதியதை விடுவேன். பிறகு நாளாந்தம் வெயிலுக்குத் தண்ணீர் வற்றும், உப்பு அப்படியே நிற்கும். அதற்குக் கிணற்றுத் தண்ணீர் சேர்த்துச் சரிக்கட்ட வேண்டும். எவ்வளவு என்பதைச் சொல்வது என் நாக்கு. காலையில் விரலைத் தோய்த்து நாக்கில் வைப்பேன். கொட்டிலில் வேலை செய்த காலத்திலேயே மீட்டர் காட்டுவதை நான் வாயால் சொல்லுவேன், பிறகு மீட்டரைப் பார்ப்பார்கள், சரியாக இருக்கும். மூத்த மகள் போனில், “அப்பா, உப்பு அளக்கிற மீட்டர் ஒண்டு அனுப்பட்டோ?” என்று கேட்டாள். “எனக்கோ மீட்டர்? கடல் தப்பினாலும் என்ர நாக்குத் தப்பாது பிள்ளை,” என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே பிழை தண்ணீரில் இல்லை என்று முடிவெடுத்தேன். இறாலில் என்றேன், இறாலை மாற்றினேன். நுளம்புக்குப் புகை அடித்தார்களே, அது என்றேன், யன்னலைப் பூட்டினேன். வெளிச்சம் கூட என்றேன், சாக்குத் தொங்கவிட்டேன். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில், இது அடிபட்ட கண்தான், இரண்டு பக்கமும் கல்லில் உரஞ்சியிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லி, கண்ணுக்குப் பூசுகிற களிம்பை எடுத்தேன்.

முள் உள்ள மீனை வலையால் அள்ளக் கூடாது, வாளியால் தண்ணீரோடு அள்ள வேண்டும். அதுவும் எனக்குத் தெரியும். அவசரத்தில் வலையை எடுத்தேன். கண் தெரியாத மீன், வலை பட்டதும் பயந்து ஊதியது. முள்ளெல்லாம் வலைக் கண்ணில் மாட்டின. அது உருண்டது, நான் பிடித்தேன், அது திரும்ப உருண்டது. ஒரு மாதிரி அவிழ்த்துத் தண்ணீரில் விட்டபோது வலக்கண்ணில் வலை முடிச்சு இழுத்த கீறல் ஒன்று தெரிந்தது. களிம்பு என் விரலிலேயே இருந்தது.

அதற்கு அடுத்த நாள் பக்கத்து வளவு அம்மா வந்தா. அவவின் ஆட்கள் மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்கள். காணியில் கச்சான் கடலை பயிர் செய்கிறா. வெள்ளிக்கிழமையில் எனக்கும் ஒரு கிண்ணத்தில் கறி வைத்து மூடிக் கொண்டுவருவா. அன்று பூசணிக்காய். நான் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுழித்தேன்.

“என்ன பிள்ளை இது, கடலை அள்ளிக் கறியில ஊத்தினனியோ? உப்பு அள்ளிப் போட்டிருக்கிறாய்.”

“உப்பா?” என்று அவ இடுப்பில் கை வைத்தா. “ஐயா, உங்களுக்குப் பிரஷர்னு உப்பே போடாம தனியா எடுத்து வச்சேன். ஒரு கல்லுகூடப் போடலை. தேங்காப்பாலும் பூசணிக்காயும்தான்.”

“பொய் சொல்லாத.”

“நான் ஏன் பொய் சொல்றேன்? எங்க வீட்ல தெரியாம இதத் தின்னுட்டு, பச்சத்தண்ணி மாதிரி இருக்குன்னு எம் புருசன் தட்டத் தள்ளி வச்சாரு. நீங்க உப்பச் சாப்பிட்டு எத்தன நாளாச்சு? இனிச்சாக்கூட கரிக்கும் உங்களுக்கு.”

அவ கிண்ணத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டா. கிளினிக் டொக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லி ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. குறைக்கச் சொன்னால் குறைக்கிற ஆள் நானில்லை. அன்றைக்கே ஒரேயடியாக நிப்பாட்டினேன். நான் சமைக்கிறேன், நான் சாப்பிடுகிறேன், கேட்க ஆளில்லை. உப்பில்லாத சோறு, உப்பில்லாத பருப்பு. அந்த நாக்கைக் கொண்டுதான் காலையில் கடலை அளந்தேன். கரிக்கிறது, கரிக்கிறது என்று வாளி வாளியாகக் கிணற்றை ஊற்றினேன்.

அப்படி இருக்காது என்று இன்னும் ஒரு மனம் சொன்னது. சாரதியைக் கூப்பிட்டு, “வரேக்க ஒரு கான் கடல் தண்ணி தனியாக் கொண்டு வா,” என்றேன். “என்ன முதலாளி, போன கிழமைதானே தந்தனான்?” “கேட்டதைக் கொண்டு வா.” மூன்று போத்தல் எடுத்தேன், மூன்றும் ஒரே அளவு. ஒன்றில் கடல், ஒன்றில் கிணறு, ஒன்றில் என் தொட்டி. விளிம்புவரை நிரப்பி மூடி, சந்திக் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே மின்சாரத் தராசு இருக்கிறது.

“அண்ணை, தண்ணி விக்கத் துவங்கிட்டியளோ?” என்றார் கடைக்காரர்.

“நிறுத்துப் பார்.”

கடல்தான் பாரம். கிணறு அதைவிடத் தாழ்வு. என் தொட்டித் தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் நின்றது. அதிலும் கடல் பக்கம் கொஞ்சம்தான் சாய்ந்திருந்தது. நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். திரும்ப வைக்கச் சொன்னேன். திரும்பவும் அதே இலக்கம்.

“இதென்ன அண்ணை, நாக்காலயே சொல்லிப்போடுவன் எண்டுவியள். இண்டைக்கு என்ர தராசு தேவைப்பட்டிட்டுதோ?”

கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று போத்தலையும் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளைத் தள்ளியபடி வந்தேன். ஏறி மிதிக்க மனம் வரவில்லை.

தெரிந்த பிறகு செய்கிற வேலையில் நான் பிழை விடுவதில்லை. ஒரே நாளில் உப்பை ஏற்றினால் மீன் செத்துப்போகும். நாளுக்கு இரண்டு செம்பு பழையதை எடுத்து இரண்டு செம்பு கடலை விட்டேன். கிழமைக்கு ஒருமுறை அதே கடைக்கு, அதே தராசுக்குப் போனேன். அவர் முதல் தரம் சிரித்தார், இரண்டாம் தரம் தானாகவே போத்தலை வாங்கி வைத்தார், மூன்றாம் தரம், “மீனுக்கு எப்படி அண்ணை?” என்று கேட்டார். களிம்பு பூசவில்லை. வெளிச்சத்தைக் குறைத்து, அடியில் கிடந்த அழுக்கை நாளாந்தம் குழாயால் உறிஞ்சினேன். இறாலைத் தடியில் குத்தி வாயில் முட்டவிட்டேன். முதலில் பயந்து பின்வாங்கியது, பிறகு மணத்தைப் பிடித்துக் கவ்வியது. அப்படி ஒரு நேரத்துச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. எனக்கு வேறு என்ன வேலை.

பிள்ளைகளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. மூத்தவள், “மீன் சுகமோ அப்பா?” என்று கேட்டாள். “சுகம்,” என்றேன். “மீட்டர்?” “அனுப்பு,” என்றேன். “உங்களுக்கு உடம்பு சரியில்லையோ அப்பா?” என்று கேட்டாள்.

மூன்றாம் கிழமை முடிய இடக்கண்ணில் வெள்ளை விளிம்பிலிருந்து கரையத் தொடங்கியது. ஒரு பச்சைப் பொட்டு, பிறகு இரண்டு. ஒரு காலை நான் செம்போடு தொட்டிக்குக் கிட்டப் போக அந்தக் கண் என் கையைப் பார்த்தது, பிறகு மேலே ஏறி என் முகத்தைப் பார்த்தது. நான் அதில் நின்று அழுதேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அழுகிற ஆள் நானில்லை. தண்ணீரை விட மறந்து கொஞ்ச நேரம் நின்றேன், அவ்வளவுதான்.

வலக்கண் வரவில்லை. வலை கீறிய இடத்தில் தழும்பு தடித்து வெள்ளைக் கல் மாதிரி நின்றுவிட்டது. முந்தி அதுவும் தண்ணீரால் கெட்ட கண்தான், விட்டிருந்தால் மற்றது போலத் தெளிந்திருக்கும். தண்ணீரைக் கெடுத்ததும் நான், கண்ணைக் கீறியதும் நான். இதை எவரிடமும் சொல்லாமல் இங்கே எழுதுகிறேன்.

பேத்தை எந்த நேரமும் ஒரே மூலையில், ஒரே பக்கம் தலை வைத்துத்தான் கிடக்கும். வலப்பக்கம் முன்கதவுக்கு, இடப்பக்கம் குசினிக்கு. படலையைத் திறந்து முன்கதவால் உள்ளே வந்தால் அதற்கு நான் இல்லை. அதனால் இப்போது கடைக்குப் போய்வந்தாலும், கிளினிக்குக்குப் போய்வந்தாலும், வீட்டைச் சுற்றிக் கிணற்றடியால் நடந்து குசினிக் கதவால் வருகிறேன். பச்சைக் கண் உடனே திரும்பும்.

பக்கத்து வளவு அம்மா வேலிக்கு அங்கால் நின்று இதைக் கவனித்திருக்கிறா.

“என்னங்கய்யா, இம்மாம்பெரிய வாசக்கதவு வச்சுக் கட்டிட்டு, பின்னால சுத்திப் போறீங்க?”

“கதவுப் பிணைச்சல் இறுகிப் போச்சு பிள்ளை,” என்றேன். “திறக்கேலாது.”

“எம் புருசன அனுப்புறேன், எண்ண போட்டுக் குடுப்பாரு.”

“வேண்டாம், வேண்டாம்,” என்று சொல்லிக்கொண்டு கிணற்றடிப் பக்கம் திரும்பினேன்.