வலது கண்ணில் ஒரு வாடகைதாரர்

போன மாதம் என் வலது கண்ணில் ஒரு புழு குடியிருந்தது. கதை விடவில்லை... நிஜமாகவே.

முதலில் வெறும் உறுத்தல்தான். எங்கள் பேட்டை ஸ்ரீவராகத்தில் கண்ணுக்கு எது வந்தாலும் முதல் வைத்தியம் இளநீர்க் குழம்பு என்கிற ஆயுர்வேதச் சொட்டு மருந்து. ஒரு சொட்டு விட்டால் மிளகாய் பட்டதுபோல் எரியும், தண்ணீராய்க் கொட்டும், பிறகு குளிரும். மூன்று நாள் விட்டேன். நாலாம் நாள் என் மனைவி சீதா டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"ஏன்னா, வெள்ளை முழியில நூலாட்டம் ஒண்ணு... ஐயோ, நெளியறதே!"

பயந்தேனா? பயந்தேன். எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கண் போனால் மிச்சம் என்ன?

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நிதானமாகப் பார்த்தார். "பேடிக்கண்டா சார், பயப்படாதீங்க. இது நாய்ப் புழுவாக்கும். நாயைக் கடிச்ச கொசு உங்களையும் கடிச்சிருக்கு. இப்பவே எடுத்துடலாம், உள்ளே போயிட்டா தேடணும்."

மரத்துப்போக மருந்து விட்டு, லேசாகக் கீறி, இடுக்கியால் இழுத்தார். என் சுட்டுவிரல் நீளம்! குப்பிக்குள்ளும் நெளிந்தது. பார்வைக்குச் சேதமில்லை என்றார். அப்போதுதான் மூச்சு விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சீதா தீர்ப்பு எழுதிவிட்டாள். தெருநாய் ஒன்றுக்கு மதியம் தயிர்சாதம் போடுவது அவள் வழக்கம். "இனிமே அதுக்கு ஒரு பருக்கை கிடையாது!" நானும் தலையாட்டினேன். வாயில்லா ஜீவன் வாய்தா கேட்குமா என்ன?

மறுநாள் நாய் வந்தது. சாதம் இல்லை. வாசலில் அழகுக்குப் பூ மிதக்கவிட்டிருக்கும் வெண்கல உருளியில் தண்ணீர் குடித்தது. கிழக்கேகோட்டைச் சந்தையில் பூ வாங்கி வந்து அதில் தினமும் மாற்றுவது என் வேலை. வருகிறவர்கள் போட்டோ எடுப்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

நாயை விரட்டப் போனேன். அது குடித்த இடத்தில் பூக்கள் விலகியிருந்தன. அடியில் பார்த்தால் — கொசுப்புழுக்கள் குட்டிக்கரணம் போடுகின்றன! பூவை மாற்றினேன், சரி. தண்ணீரை? ஓணத்துக்கு உருளியைத் தேய்த்ததோடு சரி.

என்னைக் கடித்த கொசு இதில்தான் பிறந்தது என்று நிரூபிக்க முடியாதுதான். ஆனால் அந்தச் சந்தேகத்தின் பலனை நான் நாய்க்குக் கொடுக்கவில்லையே! வெட்கமாக இருந்தது. சீதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் உருளியைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நாய்க்குத் தயிர்சாதம் மறுபடி வந்துவிட்டது — மாட்டாஸ்பத்திரியில் கொடுத்த புழு மாத்திரையை நடுவில் வைத்து. அது சாப்பிட்டு முடித்த பிறகுதான் இப்போதெல்லாம் எனக்குத் தட்டு.

நியாயம்தானே!